கண்ணை மூடிப் பார்க்கும் மேடம்

மாம்பழம் வாங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பழக் காலத்தில் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கூடைகள் வரிசையாக இருக்கும். எல்லோரும் பழத்தை முகர்ந்து, காம்பைப் பார்த்து, பக்கத்தில் அழுத்திப் பார்த்து வாங்குவார்கள். இவர் நான்கு கூடையிலிருந்தும் ஒவ்வொரு துண்டு நறுக்கச் சொல்லி, அவற்றை ஒரே இலையில் இடம் மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போடுவார்.

"இன்னாக்கா, கண்ணு நோவுதா?" என்று ஒரு கூடைக்காரம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நீ என்னைப் பாத்தா அக்கா அக்கான்னு கூப்புடற. கண்ணைத் தொறந்துக்கினு துன்னா உன் பழம் தான் இனிக்கும். அதான்."

அன்று அவர் வாங்கியது எதிர்க் கூடைப் பழத்தை. அந்தம்மா மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்காம் நாள் அவளே கூப்பிட்டு, "இன்னிக்கி மூடிக்கோக்கா, இன்னிக்கி என்னுது தான்" என்றாள். அன்று அவள் பழம்தான் ஜெயித்தது. மற்ற மூன்று பேரிடமும் அதைச் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பிள்ளைகளே, இவர் யார் என்று இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சின்னக் குழந்தைகளாக இருந்த காலத்தில் நான் சித்தூரில் ஒரு பால் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். பாலைக் குளிர வைக்கும் டேங்குகள், ஃப்ரிட்ஜுகள், ஏசி, எல்லாம் என் பொறுப்பு. அங்கே பாலைச் சோதிக்கும் லேபில் வேலை செய்தவர் இவர். பெரிய படிப்பு. சொந்த ஊர் நகரிப் பக்கம். திருப்பதியில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வருவார். எல்லோருக்கும் அவர் மேடம்தான். அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. பேர் தெரிந்தால் ஆள் எப்படி என்று மனது முன்கூட்டியே ஒரு முடிவு கட்டிவிடும் என்பது அவருடைய கட்சி.

அவர் கண் நல்ல கண். கண்ணாடிகூடப் போட்டதில்லை. ஆனால் மனது எதையாவது ஆசைப்பட்டுவிட்டால் கண்ணும் காதும் நாக்கும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும் என்று உறுதியாக நம்பினார். அதனால் ஆசைப்பட்ட எந்த விஷயத்திலும் தன்னைத்தானே நம்ப மாட்டார்.

என்னையும் ஒரு தடவை இந்தச் சோதனையில் மாட்டிவிட்டார். லேபில் ஒரு ஃபேன் மோட்டார் மாற்றும்போது நான் கொஞ்சம் பெருமையாகப் பேசிவிட்டேன்.

"கம்பெனி மோட்டார் சத்தம் வேற மேடம், லோக்கல் மோட்டார் சத்தம் வேற. நான் காதால கேட்டே சொல்லிடுவேன்."

"அப்பிடியா அண்ணா? சுவத்தைப் பாத்து நில்லுங்க."

நின்றேன். இரண்டு மோட்டாரையும் மேஜைமேல் வைத்து மாற்றி மாற்றி ஓடவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் யோசிக்காமல் கம்பெனி, லோக்கல் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முடிந்த பிறகு அவர் எழுதிவைத்த காகிதத்தைக் காட்டினார். காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தால்கூட அதைவிட நன்றாக வந்திருக்கும். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. மேடம் கேலி செய்வார் என்று பார்த்தால், அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"எனக்கும் இப்பிடித்தான் அண்ணா நடக்கும். தோத்தத நீங்க ஒத்துக்கினீங்க பாருங்க, அதான் எனக்கு வேணும்."

அவருக்கு அது எதற்கு வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்லும் முன், அந்த அறையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான் படிப்பு. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கோடி கோடியாக இருக்கின்றன. பயப்படாதீர்கள், பெரும்பாலும் நல்லவைதான். "நம்மகூட பந்தில உக்காந்து சாப்புடறவங்க" என்பார் மேடம். கீரையில் இருக்கும் நார், கேழ்வரகின் தோல் இதெல்லாம் நமக்குச் செரிக்காது. அந்தப் பாக்டீரியாக்களில் பலவற்றுக்குச் செரிக்கும். தின்றுவிட்டு அவை சில பொருள்களை வெளியே விடுகின்றன. அந்தப் பொருள்கள் குடல் சுவரின் செல்களுக்குப் போய்ச் சேருகின்றன. சில பாக்டீரியாக்கள் தங்கள் மேல்தோலாலேயே செல்லைத் தொடுகின்றன. எப்படித் தொட்டாலும் செல்லுக்குள்ளே ஒரு சேதி போகிறது.

செல்லுக்குள் ஜீன்கள் உண்டு. இன்ன பொருளை இப்படிச் செய் என்று சொல்லும் குறிப்பு ஒவ்வொரு ஜீனிலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. நான் என் பால் டேங்கை நினைத்துக்கொண்டேன். அதில் கம்ப்ரஸர் இருக்கிறது, கலக்கும் மோட்டார் இருக்கிறது, பம்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒயர் போட்டாகிவிட்டது. ஆனால் பால் சூடாக இருக்கிறது என்று சென்சார் சொன்னால்தான் கம்ப்ரஸர் ஓடும்.

"அப்போ பாக்டீரியா வந்து சுவிட்சு போடுதா மேடம்?" என்று கேட்டேன்.

"சுவிட்சுன்னா ஆன், ஆஃப் ரெண்டு தானே அண்ணா. இது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. ஒண்ணுல இருந்து மூணுக்குப் போவும், மூணுல இருந்து ரெண்டுக்கு வரும். ஒயரை மாத்தாது. ஜீன் அப்பிடியே தான் இருக்கும். அது செய்யற வேலை தான் கூடும், குறையும்."

டேங்கு உதாரணம் என்னுடையது, ரெகுலேட்டர் அவருடையது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் கங்காதர நெல்லூரில் ஒரு வீட்டுத் தயிரிலிருந்து அவர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து எடுத்திருந்தார். அதன்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. தட்டில் அது வெள்ளைப் புள்ளியாக முளைத்து நிற்கும் காலையில், "வந்துட்டியா" என்று கேட்டுவிட்டுத்தான் கைப்பையை வைப்பார்.

அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். குடல் செல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க, கொக்கி மாதிரி ஒரு பொருள் வேண்டும். அந்தக் கொக்கியைச் செய்யச் சொல்லும் ஜீன் ஒன்று. ஆபத்து, ஆபத்து என்று கூச்சல் போடும் ஜீன் இன்னொன்று. நெல்லூர்த் தயிர் பாக்டீரியா வந்து தொட்டால் கொக்கி ஜீனின் வேலை கூட வேண்டும், கூச்சல் ஜீனின் வேலை குறைய வேண்டும். அவருடைய ஆசை அதுதான்.

கம்பெனி இதற்காக அவருக்கு ஓர் அறையை ஒரு வருடத்துக்குக் கொடுத்திருந்தது. உகாதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அறை ஐஸ்கிரீம் பிரிவுக்குப் போய்விடும். புது ஐஸ்கிரீம் மெஷின் வரப்போகிறது, அதை வைக்க வேறு இடமில்லை. அறை போனால் செல் வளர்க்கும் பெட்டி மூட்டையாகிவிடும், நெல்லூர்த் தயிர் கேள்வியும் அதோடு முடிந்துவிடும்.

இதில் என்னை எதற்குச் சேர்த்தார் என்று கேளுங்கள். சோதனை நாளில் மேடம் மூன்று பாட்டில் தயார் செய்வார். ஒன்றில் நெல்லூர்த் தயிர் பாக்டீரியா உயிரோடு. ஒன்றில் அதே பாக்டீரியா, சூடு பட்டுச் செத்தது. ஒன்றில் கடைத் தயிர் பாக்டீரியா. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி கலங்கல் தண்ணீர். அவர் பேர்ச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். நான் உள்ளே போய், பேர்ச்சீட்டைப் பிய்த்துவிட்டு வெறும் நம்பர் ஒட்ட வேண்டும். ஒன்றிலிருந்து இருபது வரை துண்டுச் சீட்டில் எழுதி, டம்ளரில் குலுக்கி எடுத்த நம்பர். எந்த நம்பர் எது என்று எழுதி உறையில் ஒட்டி என் டூல் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. பிறகு சிரிஷா அந்தத் தண்ணீரை, தட்டுகளில் விரிப்பாக வளர்த்து வைத்த குடல் செல்கள்மேல் விடுவாள். சிரிஷா மேடத்தின் உதவியாளர், திருப்பதிப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுபவள். சில மணி நேரம் கழித்து அந்தச் செல்களில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்தது என்று ஒரு மெஷின் கணக்குச் சொல்லும்.

"மெஷின் தானே எண்ணுது மேடம், அதுக்கு எதுக்கு இத்தனை ஒளிவு மறைவு?"

"மெஷினுக்குள்ள எந்தத் தட்டு போவணும்னு மனுசன் தானே முடிவு பண்றான். செல்லு விரிப்பு கிழிஞ்ச தட்டைக் கழிக்கணும். ஓரமா கொஞ்சூண்டு கிழிஞ்சிருந்தா? நமக்குப் புடிச்ச தட்டுன்னா, போனா போவுதுன்னு உட்டுடுவோம்."

"அதுக்கு நான் எதுக்கு?"

"உங்களுக்கு இதுல ஒண்ணியும் தெரியாது அண்ணா. அதனால தான்."

அவர் சொன்ன விதத்தில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவருடைய இந்தப் பழக்கம் சில நேரம் அவரையே மாட்டிவிடும். குழந்தைகள் தினத்துக்குக் கம்பெனி ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். மேடம்தான் நடுவர். பேர்களையெல்லாம் காகிதம் ஒட்டி மறைக்கச் சொன்னார். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு மயிலின் முன் நின்று, பேனாவை மூடிவிட்டார்.

"இந்த மயிலு எங்க அக்கா பொண்ணுது. காலு அவ அப்பிடித்தான் போடுவா. நான் பாக்கக் கூடாது."

கேட்டில் இருந்த வாட்ச்மேனை உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வாட்ச்மேன் மீசையை நீவிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்து, முதல் பரிசு அந்த மயிலுக்கே கொடுத்தார். கம்பெனி முழுக்க ஒரு வாரம் இதே பேச்சு. மேடம் நன்றாக நாடகம் ஆடினார் என்றார்கள்.

"வருத்தமா இல்லியா மேடம்?" என்று கேட்டேன்.

"பேசிக்கினு போவட்டும். அந்த மயிலு நெஜமாவே நல்லா இருக்குதான்னு எனக்கு சந்தேகமாவே இருந்துது அண்ணா. இப்போ தெரிஞ்சிடுச்சி."

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

செல்களைத் தட்டில் விதைத்து, அவை ஒட்டி வளர்ந்து குடல் சுவர் மாதிரி விரிப்பாக மூன்று வாரம் ஆகும். அதுவரை அந்தப் பெட்டி முப்பத்தேழு டிகிரியில், நம் உடம்புச் சூட்டில், அசையாமல் நிற்க வேண்டும். மேடம் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து செல்களுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுப் போவார். இதையெல்லாம் பார்த்துவிட்டு முதல் தடவை நம்பர் போட உட்கார்ந்தேன். டம்ளரைக் குலுக்கினேன். எடுக்கக் கை வரவில்லை. இத்தனை பாடுபட்ட பாட்டிலுக்கு ஏதோ ஒரு நம்பரா என்று தோன்றியது. ஏழுமலையான் இருக்கும் திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். ஏழாம் நம்பர் சீட்டைத் தேடி எடுத்து, மனதுக்குள் கோவிந்தா என்று சொல்லி, நெல்லூர்த் தயிர் உயிரோடு இருந்த பாட்டிலில் ஒட்டினேன். மற்ற இரண்டுக்கும் ஒழுங்காகக் குலுக்கி எடுத்தேன். நம்பரில் என்ன இருக்கிறது, நல்லது நினைத்துப் போட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் ஏழு. மூன்றாம் தடவையும் ஏழு. கெட்டது நினைத்துச் செய்யாததால், அது தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை.

மூன்று சுற்றும் முடிந்தது. வெள்ளிக்கிழமை, கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் ஜி.எம். சார் முன்னால் உறைகளைப் பிரிப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை மதியம் கேன்டீனில் சிரிஷா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஏழு நம்மதே கதா? நம்ம தயிர் தானே?"

"எந்த ஏழு?"

"நடிக்காதீங்க அண்ணா. மத்த நம்பரெல்லாம் மாறுது. ஏழு மட்டும் மூணு தடவையும் வந்துது. நான் நம்பர் எழுதற நோட்டை மேடம் தொடறதில்ல, அவங்களுக்குத் தெரியாது. நான் திருப்பதில பொறந்தவ. ஏழு எதுக்குப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"நீ அத்த வெச்சி ஒண்ணும் பண்ணலியே?"

"லேதண்ணா, இல்ல. நான் என்ன பண்ணப் போறேன்." சப்பாத்தியைப் பிய்த்த கை நின்றது. "ரெண்டு தட்டு ஓரத்துல கிழிஞ்சிருந்துது. ஏழாச்சேன்னு கழிக்காம உட்டேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது.

மேடத்திடம் சொன்னால் ஒன்பது வார உழைப்பு போய்விடும், அறையும் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அன்று சாயங்காலம் மேடம் போகும் திருப்பதி பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன்.

"இன்னா அண்ணா, இந்தப் பக்கம்?"

"ரேணிகுண்டால ஒரு காயில் வாங்கணும் மேடம்."

"போன வாரம் தானே வாங்கினீங்க?"

"அது வேற காயில்."

பக்கத்து சீட்டைக் காட்டினார். வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோது நான் சந்திரகிரி என்று சொல்லிவிட்டு, இல்லை திருப்பதி என்றேன். "எறங்கற ஊரு தெரியாமயே ஏறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் டிக்கெட் கிழித்தார். மேடம் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, காயிலு இருக்கட்டும். இன்னா விஷயம்?"

சொன்னேன். ஏழையும் சொன்னேன், சிரிஷா கழிக்காமல் விட்ட தட்டுகளையும் சொன்னேன். அவர் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் மேடம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்திரகிரி வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எனக்குத் தாங்கவில்லை. "நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க மேடம். நானும் சிரிஷாவும் வாயைத் தொறக்க மாட்டோம்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே அண்ணா."

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"வருசம் பூரா என் ஆசைய எங்க ஒளிச்சி வெக்கறதுன்னே பாத்துக்கினு இருந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் ஆசை இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

திருப்பதியில் இறங்கியதும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, என்னை அடுத்த சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் அந்த மூன்று சுற்றின் நோட்டுப் பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டு, இது கணக்கில் சேராது என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா? 'நம்பர் போட்டவருக்கு எங்கள்மேல் பாசம்.' எனக்கு அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை பார்க்க வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜி.எம். சார் வந்தார். அவர் பின்னால் ஐஸ்கிரீம் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் வந்தார். எல்லோரும் அவரை ஐஸ்கிரீம் சார் என்போம். கையில் அளவு டேப். அறையின் நீள அகலம் அளக்க வந்திருந்தார். மேடம் எதையும் மறைக்காமல் சொன்னார். ஜி.எம். சாருக்குப் பொறுமை போய்விட்டது.

"உறை மூணும் இங்கயே கீது. பிரிச்சிப் பாத்தா முடிஞ்சிது. இன்னா மேடம் இது?"

"பிரிக்கலாம் சார். தயிரு ஜெயிச்சிதா, இவங்க பாசம் ஜெயிச்சிதான்னு மட்டும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு தடவை குடுங்க. உகாதிக்கு இருபத்தாறு நாள் இருக்கு. அடுத்த சுத்துக்கு வெதைச்ச செல்லு தயாரா பொட்டியில வளருது."

"நம்பரு யாரு போடுவாங்க? மறுபடியும் இவரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மேடம் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஐஸ்கிரீம் சார் மூலையில் குனிந்து டேப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐஸ்கிரீம் சார் போடட்டும்."

"நேனா?" என்று தெலுங்கில் கேட்டு நிமிர்ந்தார் அவர். "ஏமம்மா, இந்த ரூமைக் கேக்கறவனே நான் தான்."

"அதுக்குத் தான் சார். உங்களுக்கு இந்தத் தயிர் மேல ஆசை இல்லியே."

"லேது" என்றார் உடனே. "துளிகூட லேது."

சிரிஷாவுக்கு மட்டும் சந்தேகம். "எதிரா ஆசை இருக்குமே மேடம்?"

"இருந்துட்டுப் போவட்டும். அவரு தட்டைப் பாக்க மாட்டாரு, நீ சீட்டைப் பாக்க மாட்ட. குலுக்கறப்போ மட்டும் ஜி.எம். சாரு பக்கத்துல நிக்கட்டும்."

சோதனை நாள் வந்தது. பெரியவர் நம்பர் ஒட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும். பக்தியோடு குலுக்கி, எடுத்து, எழுதி, உறையை மூன்று பக்கமும் ஒட்டி, ஒரு தகர டப்பாவில் போட்டுப் பூட்டி, தன்னுடைய ஐஸ்கிரீம் குளிர் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். சாவி அவர் அரைஞாணில். அதோடு போவார் என்று பார்த்தால் திரும்ப வந்தார். அறைக்குள் கால் வைத்தவரை மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க உள்ள வரக் கூடாது சார். உங்களுக்கு நம்பர் தெரியும்."

"என் ரூமுக்கு நான் வரக் கூடாதா?"

"உகாதி வரைக்கும் என் ரூமு சார்."

அவர் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் டேங்கையும் ரெகுலேட்டரையும் சொன்னேன். "அந்தச் சின்னது வந்து தொட்டா நம்ம செல்லு வேலையைக் கூட்டுதா? யாரு சொன்னது?" என்றார். அன்று மதியம் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஜெனரேட்டர் இழுக்கும் அளவு ஐஸ்கிரீம் குளிர் அறைக்கு அல்லது செல் பெட்டிக்கு, இரண்டில் ஒன்றுக்குத்தான் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பொட்டிக்கே குடுப்பா. ஐஸ்கிரீமு ரெண்டு மணி நேரம் தாங்கும். அந்தச் செல்லு தாங்காதுன்னு அம்மா சொல்லிக்கினு இருந்தாங்க" என்றார்.

உகாதிக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோரும் கூடினோம். முதலில் சிரிஷா நம்பரை மட்டும் வைத்துப் படித்தாள். "பதினாலு, கொக்கி ஜீனு நல்லா கூடியிருக்கு. மூணு, கொஞ்சம் தான். பத்தொன்பது, பதினாலு அளவுக்கே கூடியிருக்கு. கூச்சல் ஜீனு மூணுலயும் அசையல."

ஐஸ்கிரீம் சார் குளிரில் விறைத்துப்போன உறையைப் பிரித்தார். மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அன்று மட்டும் அது சோதனைக்காக இல்லை, பயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

"மூணு, கடைத் தயிரு. பதினாலு, நெல்லூர்த் தயிரு, உயிரோட."

சிரிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பத்தொன்பது," என்று அவர் நிறுத்தினார். இன்னொரு தடவை பார்த்தார். "நெல்லூர்த் தயிரு. செத்தது."

ஜி.எம். சார்தான் கேட்டார். "அப்போ ஜெயிச்சிதா, தோத்துதா?"

"கொக்கி கூடிச்சி சார். கூச்சல் குறையல. அது நான் நெனச்ச மாதிரி வரல. இதுவும் தட்டுல வளந்த செல்லுல தான். ஒரே ஒரு சுத்து தான். மனுசன் வயித்துல இதே நடக்குமான்னு இத்த வெச்சி சொல்ல முடியாது."

"தயிர் டப்பா மேல வயித்துக்கு நல்லதுன்னு போட முடியாதா?"

"முடியாது சார்."

ஜி.எம். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ரூமு உங்களுது, எடுத்துக்குங்க" என்று ஐஸ்கிரீம் சாரிடம் சொன்னார்.

அவர் கையில் இன்னும் அந்தச் சீட்டு இருந்தது. "இருங்க சார்" என்றார். மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஏமம்மா, செத்துப்போனது எப்பிடி வேலை செய்யுது?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"நெஜமாவே தெரியாது. அது தோல்ல ஏதாவது இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். பாத்தா தான் தெரியும்." மேடத்தின் முகம் அப்போது இருந்ததைப் பார்த்தவர்கள், அவர் அறையை இழக்கப் போகிறார் என்று சொல்லவே மாட்டார்கள்.

"பாக்கறதுக்கு எத்தினி நாளாவும்?"

"மூணு மாசம்."

ஐஸ்கிரீம் சார் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மூணு மாசம் மெஷினு வராண்டால நிக்கட்டும் சார். கெட்டா போயிடும்? ஆனா நம்பரு நான் தான் போடுவேன். இவரு வேணாம்" என்று என்னைக் காட்டினார்.

அந்தக் கோடை முழுக்க ஐஸ்கிரீம் மெஷின் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வராண்டாவை அடைத்து நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாரைத் திட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. தினமும் காலையில் மெஷினைச் சுற்றிக்கொண்டு வந்து கதவுக் கண்ணாடிக்கு வெளியே நிற்பார். நம்பர் தெரிந்தவர், உள்ளே போக முடியாது. விரலால் கண்ணாடியைத் தட்டி, புருவத்தை உயர்த்துவார். மேடம் உள்ளேயிருந்து உதட்டைப் பிதுக்கி, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டுவார். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார்.